தெரிந்தவர் வண்டி: ஓர் எதிர்வினை

பழைய கார் வாங்கப் போகிறோம் என்று வாய்திறந்த மறுகணமே வந்து விழும் அறிவுரை ஒன்று உண்டு: "வெளியே எங்கும் போகாதீர்கள், தெரிந்தவர் வண்டியாகப் பாருங்கள்." அலுவலகத்தில், உறவில், இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர்க்கடையில் நிற்கையில், எங்கும் இதே வாக்கியம்தான். சொல்பவர் முகத்தில் உலகம் கண்ட களை. கேட்பவர் முகத்தில் நிம்மதி. இந்த வாக்கியத்தை மறுக்கவே இதை எழுதுகிறோம். இது அறிவுரை அன்று, ஆராயச் சோம்புகிறவனுக்கு அகப்பட்ட சாக்கு என்பது நம் கட்சி. குறைந்த பணத்தில் நம்பகமான கார் வேண்டுமானால் தெரிந்தவரைத் தேடுவதை விட்டுவிட்டு, வண்டியைத் தெரிந்துகொள்ளப் பழக வேண்டும்.

நம் வட்டத்தாரை நோக்கித்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓர் உரையாசிரியர் கொண்ட பாடம் சரியா, மற்றவர் கொண்டது சரியா என்று ஓரெழுத்துக்காக ஒரு மாலை முழுவதையும் செலவிடுகிறவர்கள் நாம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. எத்தனை சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கினார் என்று மாணவர்களுக்கு நெகிழ்ந்து பாடம் நடத்துகிறவர்கள். ஆனால் இரண்டு மூன்று லட்சத்தை எடுத்துக் கொடுக்கும் இடத்தில் நம் ஆராய்ச்சி "வண்டி எப்படி?" என்ற ஒரு கேள்வியோடு முடிந்துவிடுகிறது. "நல்ல வண்டி" என்று பதில் வந்தால் போதும். துருவிக் கேட்பது நாகரிகமன்று. பேரம் வணிகர் வேலை. வண்டிக்கடியில் குனிவது மெக்கானிக் வேலை. படித்தவனுக்கு நம்புவதே அழகு. இப்படியொரு மிதப்பு நமக்கு.

2017இல் நாம் வாங்கிய முதல் கார் அந்த மிதப்பில் வந்ததுதான். 2012ஆம் ஆண்டு வண்டி, சிறிய பெட்ரோல் கார், விலை இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். விற்றவர் முதுகலையில் நமக்குப் பாடம் சொன்ன பேராசிரியர், பணி ஓய்வு பெற்றவர். ஐயா வண்டி என்ற ஒன்று போதாதா? ஐயா இருப்பதோ திருச்சியில். வண்டியின் பதிவெண்ணோ சென்னை. ஏன் என்று கேட்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் அவர் இரண்டாவது உரிமையாளர். அவர் பெயருக்கு மாறியது 2016 மார்ச்சில். அதற்கு மூன்று மாதம் முன்பு, 2015 டிசம்பரில், சென்னையில் நடந்தது என்ன என்று நாடறியும். இரண்டு தேதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கப் பெரிய புலமை தேவையில்லை. நாம் படிக்கவில்லை.

முதல் மழைக்காலத்தில் ஹாரன் தானாக அலறியது. நள்ளிரவில் தெருவே எழுந்துவிட்டது. பிறகு கண்ணாடி ஏறவில்லை. பிறகு போகிற போக்கில் இன்ஜின் நின்றது. மெக்கானிக் ஓட்டுநர் இருக்கையைக் கழற்றித் தரைவிரிப்பைத் தூக்கிக் காட்டினார். மாவு போல வண்டல். ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பு. இரண்டு ஆண்டில் அறுபத்தெட்டாயிரம் ரூபாய் செலவிட்டு, உண்மையைச் சொல்லித் தொண்ணூற்றைந்தாயிரத்துக்கு விற்றோம்.

ஐயா பொய் சொன்னாரா? இல்லை. அவர் பொய் சொல்லும் மனிதரல்லர். சென்னையில் உள்ள உறவினரிடமிருந்து, "தெரிந்தவர் வண்டி" என்று நம்பி, அவரும் எதுவும் கேளாமல் வாங்கியிருக்கிறார். உள்ளூரிலேயே அளவாக ஓட்டியவருக்கு, மழையில் எடுக்காதவருக்கு, அது காட்டிக் கொடுக்கவில்லை. தெரிந்தவரிடமிருந்து தெரிந்தவருக்கு, அவரிடமிருந்து தெரிந்தவருக்கு என்று அந்த வண்டல் எந்தத் தடையுமின்றித் திருச்சி வந்து சேர்ந்தது. இடையில் அந்நியன் ஒருவன் குறுக்கிட்டிருந்தால் யாராவது தரைவிரிப்பைத் தூக்கியிருப்பார்கள்.

அறுபத்தெட்டாயிரத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஒரு திருமண வீட்டில் ஐயா, "வண்டி நல்லா ஓடுதா தம்பி?" என்று கேட்டார். "ஓடுதுங்க ஐயா" என்றோம். சொன்னால் அவர் பணத்தைத் திருப்பித் தர வருவார். சொல்லாவிட்டால் நமக்குள் புழுங்கும். புழுங்கவே விட்டோம். மாதம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்வந்த வழக்கம், புத்தகம் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் வழக்கம், எல்லாம் மெல்ல நின்றன. உறவைக் காப்பாற்றக் கேள்வி கேளாமல் இருந்தோம் என்றுதான் நினைத்திருந்தோம்.

நிற்க. நம் பொருளியல் நண்பர்கள் இங்கே ஒரு தடை எழுப்புவர். ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்ச் சந்தையைப் பற்றியதுதான். (மூன்று ஆய்விதழ்கள் திருப்பியனுப்பிய கட்டுரை, 2001இல் அவருக்கு நோபல் பரிசில் ஒரு பங்கு வாங்கித் தந்தது. சிற்றிதழ்க்காரர்கள் மகிழலாம்.) வெளியே தெரியாத பழுதுள்ள காரை அமெரிக்க வழக்கில் 'எலுமிச்சை' என்பார்கள். விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சராசரி விலையே தர முன்வருவார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது; அவர் சந்தையை விட்டு விலகுவார். எஞ்சுவது எலுமிச்சை. "அதனால்தான் சந்தைக்குப் போகாமல் தெரிந்தவரிடம் வாங்கச் சொல்கிறோம்" என்பது நண்பர்களின் வாதம்.

வாதத்தின் முதற்பாதியை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் விற்பவர் அறிந்தது வாங்குபவர்க்கு எட்டவில்லை என்பதுதானே இங்கே நோய்? பழக்கம் அதைத் தீர்ப்பதில்லை. அக்கர்லாஃப் காட்டும் விற்பனையாளருக்குத் தன் வண்டியைப் பற்றித் தெரியும். நம் தெரிந்தவருக்கோ பெரும்பாலும் அதுவும் தெரியாது. எண்ணெய் எப்போது மாற்றினார்கள், கூலன்டுக்குப் பதில் யார் குழாய்த் தண்ணீர் ஊற்றினார்கள், பின்கதவுக்கு ஏன் டிங்கரிங் நடந்தது என்பதெல்லாம் ஓட்டுநருக்கோ மகனுக்கோ தெரிந்திருக்கும். நல்லவராக இருப்பது வேறு, தன் வண்டியை அறிந்திருப்பது வேறு. நாம் முதலாவதைப் பார்த்து இரண்டாவதுக்கு விலை கொடுக்கிறோம்.

குறளின் பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' 51ஆம் அதிகாரம். ஆராய்ந்தபின் நம்புக என்பது அதன் பொருள். 'சுற்றந்தழால்' 53ஆம் அதிகாரம். ஆராய்ச்சி முதலில், சுற்றம் பிறகு என்னும் வரிசையாவது நமக்கு நினைவிருந்திருக்க வேண்டும்.

சந்தையின் மொழியையும் நாம் உரிய கவனத்துடன் படிப்பதில்லை. 'சிங்கிள் ஓனர்', 'டாக்டர் வண்டி', 'லேடீஸ் ஓட்டிய வண்டி', 'ஷோரூம் கண்டிஷன்' என்பவை பழம்பாட்டின் அடைமொழிகளைப் போல எந்த வண்டிக்கும் பொருந்துபவை, எதையும் சொல்லாதவை. மருத்துவர் வண்டி எப்படி ஓடியிருக்கும்? வீட்டிலிருந்து கிளினிக்குக்கு இரண்டு கிலோமீட்டர், திரும்ப இரண்டு கிலோமீட்டர். இன்ஜின் முழுச் சூடு ஏறுமுன் அணைந்துவிடும். எண்ணெயில் சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாக வழியில்லை. நெடுஞ்சாலையில் சீராக ஓடிய எண்பதாயிரம் கிலோமீட்டர் இன்ஜின், ஊருக்குள் குளிரக் குளிர ஓடிய முப்பதாயிரம் கிலோமீட்டர் இன்ஜினைவிடத் திடமாக இருக்கக்கூடும். ஆனாலும் நாம் மீட்டரில் உள்ள எண்ணைத்தான் முதலில் கேட்கிறோம். அந்த எண்ணோ, மடிக்கணினி ஒன்றைச் செருகித் திருத்தத் தெரிந்தவர்களின் கைப்பொருள். மூலபாடம் என்று நாம் நம்புவது இடைச்செருகலாக இருக்கலாம்.

அப்படியானால் எதைப் படிப்பது? ஒரு சுவடியை நம்பாதவன் மற்றவற்றைத் தேடுவான் அல்லவா? காரில் தேதி பொறித்த சாட்சிகள் பல. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3217 என்றால் 2017ஆம் ஆண்டின் 32ஆம் வாரம். 2016 வண்டி, இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்கிறார். நான்கு டயரும் 2020இல் செய்தவை. முதல் செட் டயர் எங்கே போயிற்று? (ஓடாமலே வெயிலில் நின்று வெடித்திருக்கலாம். கேட்டால்தானே தெரியும்.) பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டீயரிங்கின் தோல் பளபளத்து, ஓட்டுநர் இருக்கையின் இறங்கும் ஓரம் நைந்திருக்க, மீட்டர் மட்டும் இளமை பேசினால் மீட்டரை நம்ப வேண்டாம். கண்ணாடிகள் ஆறிலும் ஒரே நிறுவனத்தின் முத்திரை இருக்கிறதா? ஒன்று மட்டும் வேறென்றால் அந்தப் பக்கத்தை உற்றுப் பார்க்க வேண்டும். கதவுக் கீல் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தால் கதவு கழன்றிருக்கிறது. கதவு கழன்றதில் பெருங்கேடில்லை. தூண்களிலும் சேசிஸிலும் வெல்டிங் இருந்தால்தான் எழுந்து வந்துவிட வேண்டும். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்தினால், பட்டி கனமாகப் பூசிய இடத்தில் பிடி தளரும்.

வெள்ளத்துக்கு உரிய தடயங்களை நாம் விலை கொடுத்துக் கற்றோம். வாசகர் இலவசமாகக் கற்கலாம். 2015 மட்டுமன்று, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எண்ணற்ற கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்க்க வேண்டும்; கழுவினவர் கடைசி முழம்வரை கழுவியிருக்க மாட்டார், நீர்க்கறை கோடிட்டிருக்கும். இருக்கைத் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், ஏ.சி.யைப் போட்டதும் ஒரு பூஞ்சை வாடை. காருக்குள் வாசனைத் திரவியம் தூக்கலாக மணந்தால் நாம் ஐயப்படத் தொடங்குகிறோம்.

காலையில் போக வேண்டும். முந்தியே வண்டியைக் கிளப்பிவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போனதும் பானெட்டின் மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் கிளம்பும் விதத்தை நமக்குக் காட்ட அவர் விரும்பவில்லை என்று பொருள். எண்ணெய் மூடியின் அடியில் பால்கோவா போலப் படிந்திருந்தால் எண்ணெயில் நீர் கலந்திருக்கலாம். புகை நீலமாக இருந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை இன்ஜின் சூடேறிய பின்னும் நிற்காமல், கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட் பழுதாக இருக்கலாம். பிறகு ஏ.சி.யைப் போட்டு இருபது கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும்: ஒரு மேம்பாலம், ஒரு மோசமான சாலை, நேர்ச்சாலையில் சற்று வேகம். பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருபவரை அமைதியாக இருக்கச் சொல்லத் தயங்கக் கூடாது. கடைசியாக, விற்பவருக்கும் புரோக்கருக்கும் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்துக் காட்ட வேண்டும். நாம் கொடுத்தது ஆயிரத்து ஐந்நூறு. இதைத் தண்டச் செலவு என்பவர்தான் முன்சொன்ன அறுபத்தெட்டாயிரத்தைச் செலவிடுவார்.

கையில் மூன்று லட்சம் இருந்தால் மூன்று லட்சத்துக்கு வண்டி பார்க்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டரைக்குப் பார்த்துவிட்டு ஐம்பதாயிரத்தைத் தனியே வைக்க வேண்டும்: டயர், பேட்டரி, பெல்ட்டுகள், எல்லா எண்ணெய்களும், பெயர் மாற்றம், காப்பீடு. இதே விலைக்குப் பத்து ஆண்டு பழைய ஜெர்மன் சொகுசுக் கார் கிடைக்கிறதே என்று மயங்குவோர் உண்டு. காரின் விலைதான் இறங்கியிருக்கிறது. அதன் உதிரிப்பாகங்களின் விலை இறங்கவில்லை. இந்திய விற்பனையை 2017இல் நிறுத்திய ஜெனரல் மோட்டார்ஸ், 2021இல் உற்பத்தியை விட்டு விலகுவதாக அறிவித்த ஃபோர்டு ஆகியவற்றின் வண்டிகளும் மலிவு. நல்ல வண்டிகளும் அவற்றில் உண்டு. நம் ஊர் மெக்கானிக்குக்கு அதன் பாகம் எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்ட பிறகு முடிவெடுக்கலாம். நம்பகம் என்பது வண்டியில் பாதி, பக்கத்துத் தெருப் பட்டறையில் பாதி. சிறிய, பழகிய, பெட்ரோல் வண்டி என்னும் சலிப்பூட்டும் பதிலுக்கு மாற்றாக ஒன்றை நாம் இன்னும் காணவில்லை.

தாள்களை இதைவிட அலட்சியமாக நடத்துகிறோம். பரிவாகன் தளத்தில் பதிவெண்ணை இட்டாலே எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன் நிலுவையில் உள்ளதா, காப்பீடு எதுவரை என்பன தெரிந்துவிடும். அபராத நிலுவையையும் பார்த்துவிடலாம். கடன் அடைந்திருந்தால் மட்டும் போதாது. வங்கியின் தடையின்மைச் சான்றும் 35ஆம் படிவமும் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து நீக்கியிருக்க வேண்டும். காப்பீட்டுத் தாளில் 'நோ கிளெய்ம் போனஸ்' எத்தனை விழுக்காடு என்று பார்க்கலாம். அது ஆண்டுதோறும் 20, 25, 35, 45, 50 என்று ஏறும். இழப்பீடு கோரினால் மறுமுறை பூச்சியத்துக்கு இறங்கும். விபத்தே காணாத வண்டி என்று ஒருவர் சத்தியம் செய்கையில் ஏழாம் ஆண்டுத் தாளில் பூச்சியம் இருந்தால், அவரிடம் அந்தப் பூச்சியத்துக்கு உரை கேட்க வேண்டும். (இந்தப் போனஸ் ஆளுக்கு உரியது, வண்டியோடு நமக்கு வராது. பழைய வண்டியிலிருந்து கொண்டுவந்ததாகவும் இருக்கலாம். ஆகவே இது சாட்சிதான், தீர்ப்பன்று.)

பெயர் மாற்றத்தில் விற்பவருக்கும் ஆபத்து உண்டு. நம் கல்லூரியில் வேறு துறை நண்பர் ஒருவர் 2019இல் தன் காரைப் புரோக்கர் வழியாக விற்றார். 29, 30ஆம் படிவங்களில் வெற்றிடம் விட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "தெரிந்த பையன், மாற்றிவிடுவான்." 2021இல் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து அழைப்பாணை வந்தது. கைமாறிக் கைமாறி எங்கோ சென்ற வண்டி, காப்பீடு காலாவதியான நிலையில் ஒருவர்மீது மோதியிருந்தது; பதிவேட்டில் இன்னும் இவர் பெயர். கைமாறியதைச் சொல்லித் தப்ப முடியாது. பதிவேட்டில் உள்ளவரே சட்டப்படி உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளிலும் வாங்குபவர் 30 நாளிலும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற பழைய வாகன வணிகரிடம் வண்டியை ஒப்படைத்து 29சி படிவத்தால் அறிவித்துவிட்டால் பொறுப்பு அவருக்குப் போகும்படி விதி வந்திருக்கிறது. ஆட்டோ கன்சல்டிங் என்று பலகை மாட்டிய எல்லாரிடமும் அந்த அங்கீகாரச் சான்று இருப்பதில்லை. காட்டுங்கள் என்று கேட்பதில் குற்றமில்லை.

கன்சல்டிங்காரர்களை எல்லாம் திருடர் என்று ஏசுவதும் நம் வட்டத்தின் இன்னொரு வழக்கம். நமக்கு உடன்பாடில்லை. அவரிடம் நாம் எச்சரிக்கையாகவாவது இருக்கிறோம். விலையில் மட்டும் அவரோடு வாதாட வேண்டும்: 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய புதிய கார்களின் ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. புதியதன் விலை இறங்கியபின் பழையதற்கு முன்போலவே விலை சொல்வாரானால் அதை நினைவூட்டலாம்.

"இவ்வளவு ஐயப்பட்டால் மனிதர்கள் முகம் சுளிக்க மாட்டார்களா?" என்பார்கள். 2023இல் இரண்டாவது காரை வாங்கியது கரூரில், முன்பின் அறியாத ஒரு ஜவுளி வியாபாரியிடம். கைவிளக்கோடு நாம் வண்டிக்கடியில் படுத்திருக்கையில் அவர் முதலில் வேடிக்கை பார்த்தார். பிறகு தாமே குனிந்து, "சார், இடது பக்கம் கீழே பாருங்க, வேகத்தடையில ஒருதரம் இடிச்சிருக்கு" என்றார். கேளாமலே சர்வீஸ் ரசீதுகளைக் கட்டாக எடுத்து வந்தார். மீட்டரும் ரசீதும் பெடலும் ஒரே கதையைச் சொல்லின. இடித்த இடத்துக்கு ஆறாயிரம் குறைத்துக்கொண்டார். பணம் வங்கி வழியாக, ஒப்படைப்புக் கடிதத்தில் தேதியும் மணியும், மூன்றாம் வாரத்தில் நம் பெயரில் ஆர்.சி. தீபாவளிக்கு இன்றும் குறுஞ்செய்தி அனுப்புகிறார்.

சென்ற மாதம் ஐயா அழைத்திருந்தார். குரல் கேட்டு நெடுநாளாயிற்று. மகளுக்கு ஒரு பழைய கார் பார்க்க வேண்டுமாம், "நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட இருக்குதாம் தம்பி, பேசி முடிச்சிடலாமா?" என்றார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறோம், அதுவரை வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள் ஐயா என்றோம்.